அடுக்குக் குறைகடத்திகளில் உயரழுத்த அளவீடு: முதன்முறை இறங்குபவர்களுக்கான வழிகாட்டி

மாலிப்டினம் டைசல்ஃபைடு படிகத்தை இரண்டு வைரங்களுக்கு இடையே வைத்து அழுத்தினால் அது எந்த அழுத்தத்தில் உலோகத்தைப் போல மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும் என்று கண்டறிவதே எனக்குத் தரப்பட்ட முதல் ஆய்வு வேலை. நான்கு மாதங்களில் முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பதினான்கு மாதங்கள் பிடித்தன. அந்தத் தாமதத்தில் இயற்பியலின் பங்கு குறைவு. எந்தப் படியை எதற்கு முன்னால் செய்ய வேண்டும், எந்தப் படிவத்தை எப்போது அனுப்ப வேண்டும், எந்த எண்ணை நம்பக் கூடாது என்பவை தெரியாமல், செய்த வேலையையே மீண்டும் மீண்டும் செய்ததில்தான் காலம் போயிற்று. குறைகடத்தி இயற்பியலில் அடிப்படை அறிமுகம் இருந்தும், ஆய்வகங்களில் டயமண்ட் ஆன்வில் செல் என்று அழைக்கப்படும் வைரக் கலத்தைக் கையால் தொட்டிராதவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. உங்கள் படிகம் எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அடுக்குக் குறைகடத்திகளில் ஓர் அடுக்கின் உள்ளே இருக்கும் அணுக்கள் வலுவான சகபிணைப்பால் கட்டுண்டிருக்கின்றன. அடுக்குகளுக்கு இடையே இருப்பதோ வலுக்குறைந்த வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு மட்டுமே. ஆகவே எல்லாப் பக்கங்களிலிருந்தும் சமமாக அழுத்தினாலும், முதலில் சுருங்குவது அடுக்குகளுக்குக் குறுக்கான திசைதான். மாலிப்டினம் டைசல்ஃபைடில் அடுக்கிடைத் தொலைவு சாதாரண நிலையில் சுமார் 6.15 ஆங்ஸ்ட்ராம். அது குறையக் குறைய எதிரெதிர் அடுக்குகளின் கந்தக அணுக்கள் நெருங்கி, அவற்றின் எலக்ட்ரான் மண்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, சுமார் 1.3 எலக்ட்ரான் வோல்ட்டாக இருந்த ஆற்றல் இடைவெளி படிப்படியாக மூடுகிறது.

இதற்கு அப்பால் ஒவ்வொரு பொருளும் தன் வழியில் போகிறது. மாலிப்டினம் டைசல்ஃபைடில் சுமார் 20 ஜிகாபாஸ்கலில் (ஒரு ஜிகாபாஸ்கல் என்பது ஏறத்தாழ பத்தாயிரம் வளிமண்டல அழுத்தம்) அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி வேறோர் அடுக்கு வரிசைக்கு மாறத் தொடங்குகின்றன; 40 ஜிகாபாஸ்கல் அளவு வரை பழைய வரிசையும் புதிய வரிசையும் சேர்ந்தே காணப்படும். அதன் நெருங்கிய உறவான மாலிப்டினம் டைசெலினைடில் இத்தகைய வழுக்கல் காணப்படுவதில்லை. ஆற்றல் இடைவெளி மட்டும் மெல்ல மூடி, 40 ஜிகாபாஸ்கலை ஒட்டி அது உலோகமாகிறது. கறுப்புப் பாஸ்பரஸின் இடைவெளி 0.3 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே என்பதால், கட்டமைப்பு அப்படியே இருக்கும்போதே 2 ஜிகாபாஸ்கலுக்குள் அது மூடிவிடுகிறது. கட்டமைப்பு மாற்றங்கள் சுமார் 5 ஜிகாபாஸ்கலிலும் பிறகு 10 அல்லது 11 ஜிகாபாஸ்கலிலும்தான் வருகின்றன. இண்டியம் செலினைடு சுமார் 10 ஜிகாபாஸ்கலில் அடுக்குத் தன்மையையே இழந்து, சமையல் உப்பின் கட்டமைப்புக்கு மாறுகிறது.

ஆக, இடைவெளி தானாக மூடுவது, அடுக்கு வழுக்குவது, அடுக்கே அழிவது என்று மூன்று நிகழ்வுகள் உங்கள் அளவீட்டில் எதிர்ப்படலாம். மூன்றிலும் மின்தடை குறையும். எது நடந்தது என்பதை மின்தடை மட்டும் சொல்லாது. இதை நான் தாமதமாகவே உணர்ந்தேன்; கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

2. சிங்க்ரோட்ரான் விண்ணப்பத்தை முதல் மாதத்திலேயே அனுப்புங்கள்

கட்டமைப்பை அறிய எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு வேண்டும். வைரங்களுக்கு நடுவே இருக்கும் துணுக்கு ஒரு தலைமுடியின் தடிமனை ஒத்தது என்பதால், ஆய்வகத்தின் சாதாரண எக்ஸ் கதிர் கருவி பெரும்பாலும் போதாது. மிகச் செறிவான எக்ஸ் கதிர்களைத் தரும் துகள் முடுக்கியான சிங்க்ரோட்ரான் நிலையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். பெரும்பாலான நிலையங்களில் முடிவுகளை வெளியிடும் ஆய்வாளர்களுக்குக் கதிர் நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பயணமும் தங்குமிடமுமே உங்கள் செலவு. ஆனால் விண்ணப்பங்கள் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறைதான் ஏற்கப்படுகின்றன. அனுப்பிய நாளிலிருந்து கதிரின் முன் நிற்கும் நாள் வரை அரையாண்டு ஓடிவிடும். நான் மின்தடை அளவீடுகளை முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்து, ஒரு சுற்றை முழுமையாகத் தவறவிட்டேன்.

விண்ணப்பத்தில் இரண்டு மூன்று பக்க அறிவியல் விளக்கம், தேவையான நேரத்துக்கான கணக்கு, மாதிரிப் பொருளின் பாதுகாப்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். நேரம் பெரும்பாலும் எட்டு மணி நேர வேளைகளாக ஒதுக்கப்படும். திருகைக் கையால் இறுக்கி, அழுத்தம் நிலைபெறக் காத்திருந்து, அழுத்தத்தைக் காட்டும் மாணிக்கத் துணுக்கை அளந்து, படமெடுப்பதற்கு ஓர் அழுத்தப் புள்ளிக்குக் குறைந்தது 20 நிமிடம் என்று கணக்கிடுங்கள். முன்னோட்டமாக, சிதறும் லேசர் ஒளியிலிருந்து படிகத்தின் அணு அதிர்வுகளை அறியும் ராமன் அளவீடு ஒன்றை இணைத்தால் மதிப்பீட்டாளர்கள் நம்புவார்கள். செலினியம், டெல்லூரியம் சேர்மங்கள் நச்சுத்தன்மை உடையவை; பெரிலியம் செம்பு பாகங்களும் அவ்வாறே தனியாகக் குறிப்பிடப்பட வேண்டியவை. இவற்றைப் படிவத்தில் விட்டுவிட்டால், அனுமதி கிடைத்த பின்னும் வாசலில் நிறுத்தப்படுவீர்கள். கலத்தைக் கைப்பையில் கொண்டுபோவதானால், அது அளவீட்டுக் கருவி என்றும் உள்ளே இரண்டு வைரங்கள் இருக்கின்றன என்றும் நிறுவனத் தலைப்புத் தாளில் ஒரு கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். ஊடுகதிர்ச் சோதனையில் அந்த உலோகக் கட்டியைக் கண்டு சந்தேகப்படாத காவலர் அரிது.

3. வைரமும் கேஸ்கட்டும்

பெரிய செலவு கலமும் வைர இணையும்தான். வைரத்தின் முனைத்தளம் சிறிதாக இருந்தால் உயர்ந்த அழுத்தம் கிட்டும். ஆனால் மாதிரியும் சிறிதாகும், மின்முனை வைப்பது கொடுமையாகும். 300 மைக்ரான் முனைத்தளம் 50 ஜிகாபாஸ்கல் வரை ஈடுகொடுக்கும். 500 மைக்ரான் இருந்தால் 20 ஜிகாபாஸ்கல் வரை நிம்மதியாகப் போகலாம். மாலிப்டினம் டைசல்ஃபைடில் 90 ஜிகாபாஸ்கலை ஒட்டி மீக்கடத்தல் தோன்றுகிறது என்பதைப் படித்துவிட்டு முதல் முயற்சியிலேயே 100 மைக்ரான் வைரம் வாங்க ஆசைப்படாதீர்கள். தொடக்கத்துக்கு 400 மைக்ரான் போதும். முனை சிதைந்த வைரத்தை மெருகிட்டு மீண்டும் பயன்படுத்தலாம், புதியது வாங்குவதைவிட அது மலிவு. எனவே உடைந்ததைத் தூக்கி எறிய வேண்டாம்.

300 மைக்ரான் முனையில் 20 ஜிகாபாஸ்கல் உண்டாக்கத் தேவையான விசை ஏறத்தாழ 140 கிலோகிராம் எடைக்குச் சமம். நான்கு சிறிய திருகுகள் இதைத் தந்துவிடுகின்றன என்பது வியப்புதான். எதிரெதிர்த் திருகுகளைச் சேர்த்தே திருகுங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் வைரங்கள் சாய்ந்து உடையும். வைரங்களை முதன்முறை சேர்க்கும்போது நுண்நோக்கியில் வண்ணப் பட்டைகள் தெரியும். அவை மறைந்து ஒரே நிறமாகும் வரை சாய்வைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

இரு வைரங்களுக்கு நடுவே மாதிரியைச் சுற்றி அடைத்து நிற்கும் தகடே கேஸ்கட். கேஸ்கட்டாக எஃகுத் தகடும், உயர் அழுத்தங்களுக்கு ரேனியத் தகடும் பயன்படுகின்றன. 250 மைக்ரான் தகட்டை வைரத்தாலேயே 40 அல்லது 50 மைக்ரான் வரை அழுத்திக் குழியாக்கி, நடுவில் முனைத்தளத்தின் மூன்றில் ஒரு பங்கு அகலத்தில் துளையிட வேண்டும். அழுத்தம் ஏறும்போது துளை சற்றுச் சுருங்கினால் நல்லது. துளை விரிந்தாலோ ஓரமாக நகர்ந்தாலோ அன்றைய வேலையை அங்கேயே நிறுத்துங்கள்; அதற்கு மேல் போனவர்கள் வைரத்தை இழந்திருக்கிறார்கள்.

4. மின்முனைகள்: பொறுமை இங்கேதான் தேவைப்படும்

உலோகக் கேஸ்கட்டின் மேல் நான்கு உலோகக் கம்பிகளைக் கொண்டுபோய், அவற்றில் ஒன்றும் கேஸ்கட்டைத் தொடாமல் மாதிரியை மட்டும் தொட வைக்க வேண்டும். இதற்குக் குழியின் நடுப்பகுதியைத் துளைத்து நீக்கி, கனசதுர போரான் நைட்ரைடு பொடியை எப்பாக்சிப் பசையில் குழைத்து நிரப்பி, வைரத்தால் இறுக்கி, அதன் நடுவே மாதிரிக்கான சிறு துளையிடுவது வழக்கம். மேலே 4 அல்லது 5 மைக்ரான் தடிமனுள்ள பிளாட்டினத் தகட்டிலிருந்து கூர்மையாக வெட்டிய நான்கு துண்டுகளை வைக்கிறோம். கை பழகும் வரை ஒரு கலத்தை நிரப்ப மூன்று நாள் ஆகும். என் முதல் ஐந்து முயற்சிகளில் நான்கு, அழுத்தம் ஏறும் முன்பே தோற்றன.

ஐந்தாவதுதான் மோசமானது, ஏனெனில் அது வெற்றிபோலத் தோன்றியது. 8 ஜிகாபாஸ்கலில் மின்தடை ஒரே படியில் ஆயிரம் மடங்கு சரிந்தது. குளிர்வித்தபோது மின்தடை சற்றே குறைந்தது. உலோகத்தின் அடையாளம் கிடைத்துவிட்டது என்று வரைபடம் போட்டு எல்லோரிடமும் காட்டினேன். மூன்று வாரம் கழித்து, ஒரு மூத்த ஆய்வாளர் கேட்ட ஒரே கேள்வி: மின்முனைக்கும் கேஸ்கட்டுக்கும் இடையிலான மின்தடையை ஒவ்வொரு அழுத்தத்திலும் அளந்தீர்களா? அளந்திருக்கவில்லை. முனைத்தளத்தின் விளிம்பில் பிளாட்டினம் காப்புப் பூச்சை வெட்டிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. நான் அத்தனை நாளும் கவனமாக அளந்தது எஃகின் மின்தடையை.

ஆகவே, நான்கு மின்முனைகளுக்கும் கேஸ்கட்டுக்கும் இடையிலான மின்தடையைத் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு விடாதீர்கள். ஒவ்வொரு அழுத்தப் புள்ளியிலும் குறித்து வையுங்கள். அது மெகாஓம் அளவில் இருந்து இறங்கத் தொடங்கினால் அதன் பிறகு வரும் தரவு செல்லாது. மின்னோட்ட இணையையும் மின்னழுத்த இணையையும் மாற்றி அளந்தால் ஒரே மின்தடை வர வேண்டும் என்பது இன்னொரு சோதனை. தொடுமுனைகள் சீராக இல்லாததை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் கேஸ்கட்டுடன் நேர்ந்த குறுக்கிணைப்பை அது காட்டாது, ஏனெனில் குறுக்கிணைந்த சுற்றும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டதே. முதல் சோதனையின் இடத்தில் இரண்டாவதை வைத்து ஏமாறக் கூடாது.

மாதிரியின் ஓரத்தில் நான்கு மின்முனைகளை வைத்து அளக்கும் வாண்டர்பாவ் முறையில் மின்தடை எண்ணைக் கணக்கிட மாதிரியின் தடிமன் தெரிய வேண்டும். கலத்துக்குள் தடிமன் மாறிக்கொண்டே இருக்கும். அதோடு, மேற்பரப்பை மட்டும் தொடும் மின்முனைகள் அடுக்கு நெடுகிலும் அடுக்குக்குக் குறுக்காகவும் ஓடும் மின்னோட்டங்களைக் கலந்தே அளக்கின்றன. இவ்விரு திசைகளின் கடத்துதிறனும் வெகுவாக வேறுபட்டவை. தடிமன் உறுதியாகத் தெரியாவிட்டால் அளந்த மின்தடையை மட்டும் வெளியிடுவதே நேர்மை.

5. அழுத்த ஊடகம்

மாதிரியைச் சுற்றி நிரப்பும் பொருள் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தத்தைக் கடத்த வேண்டும். மெத்தனாலும் எத்தனாலும் 4:1 விகிதத்தில் கலந்த திரவம் சுமார் 10 ஜிகாபாஸ்கல் வரை இதைச் செய்கிறது. ஹீலியம் 12 ஜிகாபாஸ்கலை ஒட்டி உறைந்தாலும் மிக மென்மையான திண்மமாகவே இருப்பதால் அதைவிட மேலான ஊடகம் இல்லை. நியான் 5 ஜிகாபாஸ்கலுக்குச் சற்று முன்பே உறைகிறது, ஆயினும் பல மடங்கு மேலே வரை பயன்படும். வாயுக்களை நிரப்பத் தனிக் கருவி வேண்டும். அது இல்லாத ஆய்வகத்தில் இருப்பவர்கள் சிங்க்ரோட்ரான் நிலையத்தில் நிரப்பிக்கொள்ள முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், திரவத்திலும் வாயுவிலும் மின்முனைகள் மாதிரியை விட்டு விலகி மிதக்கின்றன. எனவே மின் அளவீட்டைச் சமையல் உப்பு அல்லது போரான் நைட்ரைடு போன்ற திண்ம ஊடகத்திலும், எக்ஸ் கதிர் அளவீட்டை நியானிலும் செய்வதே பலரின் வழக்கம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்து, கட்டமைப்பு மாறிய இடமும் மின்தடை மாறிய இடமும் வேறு வேறு என்று முடிவு கட்டுவது நான் கண்ட பொதுவான தவறு. அடுக்குப் படிகங்கள் பக்கவாட்டு இழுவிசைக்கு மிக எளிதில் வழுக்குபவை. சமமற்ற அழுத்தத்தில் மாற்றங்கள் முன்னதாகவே நிகழலாம். மாலிப்டினம் டைசல்ஃபைடு உலோகமாகும் அழுத்தம் என்று ஏறத்தாழ 10 முதல் 20 ஜிகாபாஸ்கல் வரை பரவலாக வேறுபட்ட மதிப்புகள் வெளியாகியிருப்பதை இந்தப் பின்னணியில் படியுங்கள். நேரம் குறைவாக இருந்தாலும், மின் அளவீட்டில் பயன்படுத்திய அதே ஊடகத்தில் ஒருமுறையாவது ராமன் அல்லது எக்ஸ் கதிர் அளவீடு எடுத்துவிடுங்கள்.

6. அழுத்தத்தை அளத்தல்

மாதிரிக்குப் பக்கத்தில் ஒரு மாணிக்கத் துணுக்கை வைத்து, லேசர் பட்டு அது உமிழும் சிவப்பு ஒளியின் அலைநீளத்தை அளக்கிறோம். சாதாரண அழுத்தத்தில் 694.2 நானோமீட்டரில் இருக்கும் கோடு, ஒவ்வொரு ஜிகாபாஸ்கலுக்கும் ஏறத்தாழ 0.365 நானோமீட்டர் நகர்கிறது. இந்த நேர்கோட்டுக் கணக்கு தாழ்ந்த அழுத்தத்துக்கு மட்டுமே. உண்மையில் 40 ஜிகாபாஸ்கல் உள்ள இடத்தில் அது 37 என்று காட்டும். வெப்பமும் கோட்டை நகர்த்துகிறது. லேசரின் திறனைக் கூட்டி மாணிக்கத்தை 30 டிகிரி சூடாக்கினால் அரை ஜிகாபாஸ்கல் பொய்யாக ஏறிவிடும். இரண்டு துணுக்குகளை, ஒன்றை நடுவிலும் மற்றொன்றை ஓரத்திலும், வையுங்கள். அவை காட்டும் அழுத்தங்களின் வேறுபாடுதான் உங்கள் பிழைக்கோட்டின் நீளம்.

7. அளக்கும் வரிசை

ஒரு நாள் உழைப்பில் ஆறு முதல் எட்டு அழுத்தப் புள்ளிகள் எடுக்கலாம். திருகியதும் அளக்காதீர்கள், அழுத்தம் அரைமணி நேரம் வரை ஊர்ந்துகொண்டிருக்கும். காத்திருந்து மாணிக்கத்தை அளந்து, மின்தடையை எடுத்து, மீண்டும் மாணிக்கத்தை அளந்து, இரு மதிப்புகளையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

மின்தடையை இருட்டில் அளக்க வேண்டும். குறைகடத்தி ஒளிபட்டால் கூடுதலாகக் கடத்தும் என்பது பாடநூலிலேயே இருக்கிறது. ஆனாலும் நுண்நோக்கி விளக்கை அணைக்க மறந்து இரண்டு நாள் தரவை இழந்தவன் நான். மின்னோட்டத்தைத் திசை மாற்றி இருமுறை அளந்து சராசரி எடுத்தால், தொடுமுனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் தோன்றும் மின்னழுத்தம் கழிந்துவிடும்.

ராமன் அளவீட்டை அதே கலத்தில், அதே வேளையில் எடுக்க முடிந்தால் அதைவிட மலிவான கட்டமைப்புச் சான்று இல்லை. மாலிப்டினம் டைசல்ஃபைடின் 383, 408 ஆகிய அலை எண்களில் இருக்கும் இரு கோடுகளில், அடுக்குக்குச் செங்குத்தான அதிர்வைச் சேர்ந்த இரண்டாவது, முதலாவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக அழுத்தத்துடன் நகர்கிறது. இந்த வேகங்கள் திடீரென மாறும் இடத்தில் கவனம் வையுங்கள். வைரத்தின் சொந்தக் கோடு 1332 அலை எண்ணில் இருப்பதால் குறுக்கிடாது.

8. எக்ஸ் கதிரின் முன்

அடுக்குப் பொருள்களுக்கே உரிய பொறி ஒன்று இங்கே காத்திருக்கிறது. தகடுபோன்ற துகள்கள் வைர முனையின் மேல் படுத்துக்கொள்ளும். அப்போது அடுக்குகளுக்குச் செங்குத்தான அச்சு கதிரின் திசையிலேயே அமைந்துவிடுவதால், அடுக்கிடைத் தொலைவைச் சொல்லக்கூடிய கோடுகள் மங்கிப்போகும் அல்லது காணாமலே போகும். நீங்கள் தேடிவந்த எண் அதுதான். நன்றாக அரைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கடுமையாக அரைத்தால் அடுக்கு வரிசையில் பிழைகள் புகுந்து கோடுகள் அகன்றுவிடும். மிதமாக அரைத்து, அழுத்திக் கட்டியாக்காமல் தளர்வாக நிரப்பி, படமெடுக்கும்போது கலத்தைச் சில டிகிரி இருபுறமும் திருப்புவதே எனக்குப் பலித்த வழி. முதல் படத்தைச் சீரியம் ஆக்சைடு போன்ற அளவுப் பொருளைக் கொண்டு எடுத்து, கருவியின் தொலைவைத் திருத்திவிட்டுத் தொடங்குங்கள். கதிரின் ஓரம் கேஸ்கட்டைத் தொட்டால் எஃகின் கோடுகள் உங்கள் மாதிரியின் புதிய கட்டமைப்பாக வேடமிடும்.

9. உலோகமாயிற்று என்று எப்போது எழுதலாம்

அறை வெப்பநிலையில் மின்தடை பல மடங்கு குறைந்தது என்பதற்காக அப்படி எழுதக் கூடாது. இடைவெளி சற்றுச் சுருங்கினாலே மின்னூட்ட ஊர்திகளின் (மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள், துளைகள்) எண்ணிக்கை அடுக்குக்குறி வேகத்தில் கூடும். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்பதால், இடைவெளி அதன் சில மடங்கு குறைந்ததுமே மின்தடை பெருமளவு சரிந்துவிடும். மாதிரி அப்போதும் குறைகடத்தியே. குளிர்விக்கும்போது மின்தடை பரந்த வெப்பநிலை வரம்பில் தொடர்ந்து இறங்குகிறதா என்பதே சோதனை. அறை வெப்பநிலைக்கு அருகில் மட்டும் இறங்கிப் பிறகு ஏறினால் அது உலோகம் என்று சொல்லப் போதாது.

குளிர்விக்கும் சோதனை ஓர் அழுத்தத்துக்கு ஒரு முழு நாள் எடுக்கும். கலத்தின் உலோகம் சுருங்குவதால் குளிரில் அழுத்தமே ஒன்றிரண்டு ஜிகாபாஸ்கல் மாறக்கூடும். இயன்றால் குளிர்ந்த நிலையிலேயே மாணிக்கத்தை அளக்க வேண்டும், இயலாவிட்டால் முன்னும் பின்னும் அளந்து அந்த வேறுபாட்டை அறிக்கையில் சொல்ல வேண்டும். மின்தடையின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிரே வரைந்து கிடைக்கும் ஆற்றலை அப்படியே ஆற்றல் இடைவெளி என்று எழுதிவிடுவதும் தவறு. மாலிப்டினம் டைசல்ஃபைடில் அந்த மதிப்பு பெரும்பாலும் மாசு அணுக்களிலிருந்து ஊர்திகள் விடுபடும் ஆற்றலையே காட்டும். இடைவெளியைவிட அது மிகச் சிறியது. இடைவெளி மூடுவதை நேரடியாகக் காட்ட வேண்டுமென்றால் ஒளி உட்கவர்தலை அளப்பதே வழி. அகச்சிவப்பு வரை போவதானால் மாசு குறைந்த இரண்டாம் வகை வைரங்கள் தேவைப்படும் என்பதால் வைரம் வாங்கும்போதே இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

10. அழுத்தத்தை இறக்கும்போது

உச்ச அழுத்தத்தை எட்டியதும் களைப்பில் திருகுகளை ஒரேயடியாகத் தளர்த்திவிடத் தோன்றும். இறங்கும் வழியில் குறைந்தது ஐந்து புள்ளிகளில் மின்தடையும் ராமனும் எடுங்கள். வழுக்கிய அடுக்குகள் ஏறிய அழுத்தத்திலேயே திரும்புவதில்லை, அந்த வேறுபாடு மாற்றத்தின் தன்மையைச் சொல்லும் தரவு. வேகமாக இறக்கினால் வைரம் விரிசல் விடுவதும் உண்டு, எனவே கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கலத்தைத் திறந்ததும் மின்முனைகள் மாதிரியின் மேல் இருக்கும் நிலையை நுண்நோக்கியில் படமெடுங்கள். கேஸ்கட்டையும் எறிந்துவிடாமல், துளையோரத்தில் அதன் தடிமனை அளந்து, உச்ச அழுத்தத்தையும் தேதியையும் எழுதிய சிறு உறையில் போட்டு வையுங்கள். மாதிரியின் இறுதித் தடிமனுக்கு உங்களிடம் மிஞ்சும் நேரடிச் சான்று அது ஒன்றுதான்; மதிப்பீட்டாளர் அதைக் கேட்கும்போது அளவீடு முடிந்து ஓராண்டு ஆகியிருக்கும்.